பழங்கட்டாரியின் மெய்ம்மை



தலைமையாசிரியர் பணியினின்றும் ஓய்வு பெற்றபின், பழம் படைக்கலங்களைத் தேடிச் சேர்ப்பதில் என் பொழுது கழிகிறது. இத்துறையில் இறங்குவோர் முதற்கண் கற்க வேண்டுவது, மெய்யையும் போலியையும் பிரித்தறியும் முறையாகும். தஞ்சாவூர்க் கட்டாரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை விளக்க விரும்புகிறேன்.

கட்டாரி வீசி வெட்டும் கருவி அன்று, குத்தும் கருவி. இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவேயுள்ள குறுக்குப் பிடியை இறுகப் பற்றினால், கையின் வலிமை முழுவதும் நேரே முனைக்குச் செல்லும். தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் கைமேல் கவியும் இரும்புக் காப்பும் உண்டு.

பயனை அறிந்தால் முதற் சோதனை தானே விளங்கும். இரும்பு வளையங்களாலாகிய கவசத்தைத் துளைக்க வேண்டியிருந்தமையின், பழங்கட்டாரிகள் பலவற்றின் முனை தடித்திருக்கும். விற்பனைக்கென்றே செய்த போலியோ, தகட்டை வெட்டியெடுத்தாற்போல் பெரும்பாலும் ஒரே கனமாக இருக்கும்.

இரண்டாவது சோதனை தேய்மானம். கை பட்ட இடமே தேயும். படாத மூலை தேயாது. போலி செய்வோர் அரத்தைக் கொண்டு எல்லா இடத்தையும் ஒருபடித்தாகத் தேய்த்துவிடுவர். துருவும் அவ்வாறே. நெடுங்காலத் துரு கருமை கலந்த பழுப்பாய் இரும்போடு இறுகியிருக்கும். திராவகம் தடவி வருவித்த துரு செம்மஞ்சளாய், விரலில் ஒட்டும் பொடியாய் இருக்கும்.

மூன்றாவது, அலகு. "இதில் ஐரோப்பிய எழுத்து இருக்கிறதே, இது எங்ஙனம் தஞ்சாவூர்க் கட்டாரி ஆகும்?" என்று சிலர் ஒதுக்கிவிடுவர். அது பொருந்தாது. கடல்வழி வந்த ஐரோப்பிய வாளலகுகளை வெட்டிக் கட்டாரியில் பொருத்துவது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தென்னாட்டு வழக்கம். சிலவற்றில் ஆந்திரேயா பெராரா என்ற பெயர் காணப்படும். அவர் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பெல்லூனோ நகரில் வாழ்ந்த வாட்கொல்லர். அப்பெயரை ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கொல்லரும் தரமுத்திரையாகப் பொறித்தனர். ஆதலின் பெயர் இருப்பது போலிக்குச் சான்றன்று. அவர் கைவேலை என்பதற்கும் சான்றன்று. நோக்க வேண்டுவது இணைப்பையே. என்னிடமுள்ள கட்டாரியில், அலகின் நடுப்பள்ளம் ஆணியறைந்த பட்டைகளின் அடியிலும் தொடர்ந்து செல்கிறது. வாளாக இருந்து வெட்டப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்பீர்கள். 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தபின், தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் இருந்தவற்றுள் பெரும்பகுதி பின்னர் உடைபட்டுப் பழைய இரும்பாயிற்று. தேர்ந்தெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவை அக்காலக் கம்மியரின் திறத்துக்கு நேர்ச்சாட்சிகள். போலியை ஏற்றால் அவர்கள் செய்யாததை அவர்கள் தலையில் ஏற்றுகிறோம். மெய்யானதை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்தாலோ, இருக்கும் சாட்சியையே அழித்துவிடுகிறோம். இவ்விரண்டனுள் பின்னதே பெருங்கேடு. போலியைப் பின்னொருவர் கண்டுபிடிக்கலாம், தேய்த்துப் போக்கியதை மீட்க ஒருவராலும் ஆகாது.

நூறாண்டு கடந்த இத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடுக்கிறது. விற்பவர் கூறும் அரண்மனைக் கதையை இறுதியில் கேளுங்கள். இரும்பை முதலில் பாருங்கள். வாங்கியபின் மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்து வையுங்கள். அதுவே போதும்.