மெய்யாகவே



ஆங்கிலேயர் தங்கள் அன்றாடப் பேச்சில் ஏறக்குறையக் கைவிட்டுவிட்ட வினையடை ஒன்று உண்டு: ‘வெரிலி’. 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் வேதாகமத்தை வாசிக்கிறவர்களே இன்று அதை அடிக்கடி காண்கிறார்கள். ‘உண்மையான’ என்று பொருள்படும் ‘வேருஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல், பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் ‘வெரி’ ஆயிற்று. அதிலிருந்து பிறந்தது ‘வெரிலி’. ஆனால் உண்மையைக் குறித்த அந்த ‘வெரி’யோ, காலப்போக்கில் ‘மிகவும்’ என்னும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

நம் ஆண்டவர் மொழிந்த சொல் ‘ஆமென்’. உறுதியாய் நிற்பது, தாங்குவது என்னும் கருத்துடைய எபிரெய வேரிலிருந்து வந்தது அது. ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லுவதை அவர் தம் வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தார். யோவான் சுவிசேஷத்தில் அது 25 இடங்களில் இரட்டித்து வருகிறது. தமிழ் வேதாகமம் அதை ‘மெய்யாகவே மெய்யாகவே’ என்று தந்தது. நம் மொழியிலோ ‘மெய்’ என்பது உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும்.

இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கூடியதை நம் வாழவந்தி நாடு கண்டிருக்கிறது. ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் மிஷனரி தம்பதியர் 1913-ல் கொல்லிமலைக்கு வந்தார்கள். பல ஆண்டுகள் அவர்கள் பிரசங்கித்தும் ஒருவரும் விசுவாசியாகவில்லை. முதல் உலகப்போரின் முடிவில் கொள்ளைநோயான இன்புளூயன்சா காய்ச்சல் மலையிலும் பரவியது. அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் நோயுற்றபோது உற்றாரும் நெருங்க அஞ்சினர். அவ்விருவரே அருகிற்சென்று பராமரித்தார்கள். மரணத்தறுவாயில் அந்தப் பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்புவித்தார். அவர்களுடைய வார்த்தை மெய்யென்பதற்கு அவர் கண்ட சான்று அவர்களுடைய வாழ்க்கையே.

1929 ஜூன் 15-ல் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். ஈவ்லின் அம்மையாரோ முதுமையிலும் மலைகளை விட்டு நீங்காமல் ஊழியஞ்செய்து, 1974-ல் தமது 95-ஆம் வயதில் நித்திரையடைந்து, கணவரின் அருகே வாழவந்தியில் அடக்கம்பண்ணப்பட்டார்.

பிரியமானவர்களே, வாயினால் மட்டும் சொல்லப்படும் மெய், ‘வெரி’யைப்போல் தேய்ந்து வெறும் அழுத்தச்சொல்லாகிவிடும். இவ்வாரத்தில் நாம் ‘ஆமென்’ என்று சொல்லும்போது, அண்டைவீட்டில் நோயுற்றிருப்பவர் அதற்கான சான்றை நம் கைகளில் காண்பாரா என்று சிந்திப்போமாக. கர்த்தர் தாமே நம் வார்த்தைகளை மெய்யாக்குவாராக. ஆமென்.