படபடப்புக்குப் பெயர் வந்த கதை

வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போகிறவர்கள் குறைவு. நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுது, தலையிடிக்குது, நித்திரையில்லை, ஒரே யோசினை என்பார்கள். ஈசிஜியில் குறை தெரியாவிட்டால் "ஒண்டுமில்லை" என்ற பதில் வரும். வருத்தமோ அவர்களுடனேயே வீட்டுக்கு வரும்.

இந்த வருத்தம் மருத்துவ ஏட்டில் விரிவாகப் பதிவானதும் ஒரு போருக்குப் பிறகுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுத் துடிப்போடு வந்த முந்நூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களைப் பரிசோதித்த வைத்தியர் ஜேக்கப் டா கோஸ்டா, 1871இல் அவர்களைப் பற்றி எழுதினார். அவர் அதை இதயக் கோளாறாகவே கருதினார். 1895இல் ஃப்ராய்ட் இத்தகைய அறிகுறிகளுக்குப் பதகளிப்பு நியூரோசிஸ் என்று பெயரிட்டார். பல பதிற்றாண்டுகளாக எல்லா வகை ஏக்கமும் பயமும் அந்த ஒரே மூட்டைக்குள் கிடந்தன.

மூட்டை அவிழ்ந்தது நியூயோர்க்கின் ஹில்சைட் வைத்தியசாலையில். 1950களின் கடைசியில் அங்கே ஒரு நோயாளி, "நான் சாகப் போறன்" என்று நாளுக்குப் பல தடவை தாதியரின் மேசைக்கு ஓடுவார். இளம் வைத்தியர் டொனால்ட் கிளைன், மனச்சோர்வுக்குப் புதிதாக வந்திருந்த இமிப்ரமின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் போயின. பலனில்லை என்றார் நோயாளி. வைத்தியர்களுக்கும் அப்படித்தான் பட்டது. பலன் உண்டு என்று சொன்னவர் வார்ட்டில் இருந்த தாதி: இப்போது அவர் ஓடி வருவதே இல்லையே! திடீரென்று வரும் பீதி நின்றிருந்தது. அது திரும்ப வருமோ என்ற ஏக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. அப்படியானால் இவை இரண்டும் வேறு வேறு. இந்தக் கதையில் எனக்குப் பெரியவர் அந்தத் தாதிதான். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் பீதி நோயும் பொதுப் பதகளிப்பு நோயும் தனித்தனியே இடம்பெற்றன.

கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தாலும் நிறுத்த முடியாத எண்ணச் சுழற்சி நோய் 2013 வரை அந்தப் பட்டியலில் பதகளிப்புக் குடும்பத்திலேயே இருந்தது. அதற்கு லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் காட்டிய வழி வேறு: அஞ்சுவதைத் தொடச் செய்து, கழுவாமல் தாங்கப் பக்கத்தில் ஆள் நிற்பது.

அதே 1980 பட்டியலில்தான் போர் முதலிய பேரிடர்களுக்குப் பிந்திய மனவடு நோயும் சேர்ந்தது. போர் நிலங்களில் உலகம் முதலில் தேடுவது அதைத்தான். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் போரால் இடம்பெயர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முட்கம்பிக்குள் கூடாரங்களில் இருந்தார்கள். அதே மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வில் மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதத்தினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும், பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் பதகளிப்பு 48.5 வீதம். எனக்கு இது வியப்பில்லை. செல் விழுந்த நினைவு ஒன்று. காணாமற்போன பிள்ளை வருவானா, காணி கிடைக்குமா, நாளைக்கு உலை வைக்க என்ன இருக்கிறது என்ற யோசினை இன்னொன்று. பின்னது இன்னும் முடியவில்லை.

நெஞ்சு நோவு வந்தால் முதலில் இதயத்தைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். அங்கே குறையில்லை என்றால் அதோடு விடாதீர்கள். எப்போது வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, திரும்ப வருமென்று பயந்து எங்கெங்கே போகாமல் விட்டீர்கள், முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்த நோய், எந்தச் சிகிச்சை என்பது அந்தப் பதில்களில்தான் பிரியும். வெளிக்கிட்டுப் போக முடியாதவர்கள் இலங்கைக்குள் எங்கிருந்தும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவோ பகலோ அழைக்கலாம்.