நான்கு இறுதிப் போட்டிகளும் ஒரு தமிழ் ரசிகனும்

2007 ஏப்ரல் தொடக்கம் 2012 ஒக்டோபர் வரையான ஐந்தரை ஆண்டுகளில் இலங்கைக் கிரிக்கெட் அணி நான்கு உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளில் ஆடியது. நான்கிலும் தோற்றது. பிரிட்ஜ்டவுன், லோர்ட்ஸ், மும்பாய், கொழும்பு என நான்கு மைதானங்கள். அவுஸ்திரேலியா, பாகிஸ்தான், இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள் என நான்கு எதிரணிகள். சுமார் இரண்டு கோடி மக்கள் வாழும் சிறிய தீவொன்றின் அணி இத்தனை குறுகிய காலத்தில் அத்தனை தடவை அந்த வாசல்வரை சென்றதே பெரிய காரியந்தான். ஆனால், வாசல்வரை சென்று திரும்பியவனின் துக்கம் வாசலையே காணாதவனுக்குப் புரிவதில்லை.

இத்தோல்விகளைப் பற்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிறையவே எழுதப்பட்டுள்ளது. தமிழில் அவ்வளவாக இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ஆண்டுகளில் தான் இலங்கை அணியின் ரசிகன் என்று ஒரு தமிழன் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வது சங்கடமான விடயமாக இருந்தது. சிங்கள நண்பர்கள் அதை முழுமையாக நம்பமாட்டார்கள். தமிழ் நண்பர்கள் அதை முழுமையாக மன்னிக்கமாட்டார்கள். பாடசாலைக் காலத்திலிருந்து இந்த அணியைப் பின்தொடர்ந்து வருபவன் என்ற வகையில் இரண்டு தரப்பினரிடமும் நான் போதிய அளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தோல்விகளுக்கு வருமுன் அந்த ஒரேயொரு வெற்றியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1996 மார்ச் 17 ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தி, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் குவித்தார். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னர், ஜனவரி 31 ஆம் திகதி, கொழும்பு மத்திய வங்கி குண்டுவெடிப்பில் சிதைந்திருந்தது. அதைக் காரணங்காட்டியே அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட வர மறுத்தன. மறுபுறத்தில், 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் இடம்பெயர்ந்த யாழ்ப்பாண மக்களிற் பெரும்பகுதியினர் தென்மராட்சியிலும் வன்னியிலும் அகதிகளாக இருந்தனர். அங்கே மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. அவ்வாறு மிதியைச் சுழற்றியவாறே அரவிந்தவின் சதத்தைக் கேட்டதாகப் பின்னாளில் என்னிடம் சொன்னவர்கள் ஒருவரல்ல, இருவரல்ல. அவர்களுள் சிலர் தங்களது வீட்டை இழக்கக் காரணமான அரசின் கொடியைத்தான் அந்த அணி ஏந்தியிருந்தது என்பதை அறியாதவர்கள் அல்லர்.

அப்போது நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். வெற்றி உறுதியானதும் காலி வீதி முழுவதும் பட்டாசு வெடித்தது. அறைத் தோழர்கள் இருவரும் நானும் கீழே இறங்கவில்லை. தேசிய அடையாள அட்டையில் தமிழிலும் பெயர் எழுதப்பட்டிருக்கும் இளைஞர்கள் இரவில் வீதிக்கு இறங்குவதற்கு அந்த மாதங்களில் இருமுறை யோசிக்க வேண்டியிருந்தது. மகிழ்ச்சியில் குறைவில்லை. அதைக் கொண்டாட இடந்தான் இருக்கவில்லை.

இனி 2007. மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த அந்தத் தொடரில் மஹேல ஜயவர்தனவின் அணி அருமையாக ஆடியது. சுப்பர் 8 சுற்றில் அவுஸ்திரேலியாவுடனான ஆட்டத்தில் முரளிதரனையும் சமிந்த வாஸையும் ஓய்வெடுக்கச் செய்து, இறுதிப் போட்டிக்கு ஓர் இரகசிய ஆயுதத்தைப் போல முரளியை ஒளித்து வைத்தார்கள். அது கெட்டித்தனமான யோசனை என்று அப்போது பத்திரிகைகளில் எழுதினோம். ஏப்ரல் 28 ஆம் திகதி பார்படோஸில் மழையால் 38 ஓவர்களாகக் குறைக்கப்பட்ட ஆட்டத்தில் அடம் கில்கிறிஸ்ட், கையுறைக்குள் ஒரு ஸ்குவாஷ் பந்தை வைத்துக்கொண்டு 104 பந்துகளில் 149 ஓட்டங்களை விளாசினார். முதல் விக்கெட்டுக்கு 172 ஓட்டங்கள். முரளிக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை.

அன்றிரவு எனக்கு ஆசிரியபீடத்தில் இரவுக் கடமை. இலங்கை நேரப்படி நள்ளிரவு கடந்தும் ஆட்டம் நீண்டது. சனத் ஜயசூரியவும் குமார் சங்கக்காரவும் நின்று ஆடியபோது, முடியாதது முடிந்துவிடுமோ என்ற ஆசை அறையெங்கும் பரவியிருந்தது. இலங்கை துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்த அந்த வேளையில்தான், அதிகாலை இரண்டு மணியை அண்மித்து, திடீரென மின்சாரம் தடைப்பட்டது. கொழும்பு நகரமே இருளில் மூழ்கியது. சில நிமிடங்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளின் சூடு வானத்தைக் கிழித்தது. விடுதலைப் புலிகளின் இலகுரக விமானங்கள் கொலன்னாவையில் எரிபொருள் களஞ்சியத்தையும் கெரவலப்பிட்டியவில் எரிவாயு நிலையத்தையும் இலக்குவைத்துக் குண்டு வீசியிருந்தன. கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீதான முதலாவது வான் தாக்குதல் நடந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது.

இருட்டில் நாங்கள் தொலைபேசிகளைத் தேடினோம். முதற்பக்கம் மாற்றப்பட வேண்டும். யாருக்கு என்ன நேர்ந்தது என்று அறிய வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஒருவர் மெல்லிய குரலில், “சனத் நிற்கிறாரா?” என்று கேட்டார். எவரும் சிரிக்கவில்லை. மூன்று தசாப்தத்துக்கும் மேலான பத்திரிகை வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளுள் அதைப் போல எங்களது நிலைமையை உள்ளபடி சொன்ன கேள்வி வேறில்லை.

ஜயசூரிய 63, சங்கக்கார 54. டக்வேர்த் லூயிஸ் முறைப்படி 53 ஓட்டங்களால் தோல்வி. பார்படோஸிலும் இருள் சூழ்ந்திருந்தது. வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணி அவுஸ்திரேலியர்கள் கொண்டாடத் தொடங்கிய பின்னர், இன்னும் மூன்று ஓவர்கள் உள்ளன என்று நடுவர்கள் திருப்பி அழைத்தார்கள். பந்தைக் காண முடியாத இருட்டில், சம்பிரதாயத்துக்காக எஞ்சிய பந்துகள் வீசப்பட்டன. ஓர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி அதைவிட அபத்தமாக முடிந்ததில்லை. கொழும்பில் அன்று விடிந்தபோது இரண்டு செய்திகளும் ஒரே முதற்பக்கத்தில் அருகருகே இருந்தன. ஆறு வாரங்கள் கழித்து, ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பின் தங்குவிடுதிகளில் இருந்த தமிழர்கள் 370 இற்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

2009 ஐப் பற்றி எழுதுவது எனக்கு இலகுவானதல்ல. அந்த ஆண்டு மார்ச் 3 ஆம் திகதி லாகூரில் இலங்கை அணியின் பேருந்து தாக்கப்பட்டது. பொலிசார் அறுவர் உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டனர், வீரர்கள் பலர் காயமடைந்தனர். முரளியும் அந்தப் பேருந்தில் இருந்தார். மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. கொழும்பின் தெருக்களில் பட்டாசு வெடித்தது, பாற்சோறு பரிமாறப்பட்டது, 1996 இல் கண்ட அதே கொடிகள் அசைந்தன. வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளின் யன்னல்கள் மூடியிருந்தன. மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிகளுக்குள் இருந்தனர்.

ஐந்து வாரங்களின் பின்னர், ஜூன் 21 இல், லோர்ட்ஸில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எதிரணி பாகிஸ்தான். அரையிறுதியில் 96 ஓட்டங்கள் எடுத்த டில்ஷான் முதல் ஓவரிலேயே ஓட்டமெதுவுமின்றி ஆட்டமிழந்தார். சங்கக்கார ஆட்டமிழக்காமல் 64. மொத்தம் 138. ஷஹீட் அஃப்ரிடி ஆட்டமிழக்காமல் 54 ஓட்டங்கள் எடுக்க, பாகிஸ்தான் எட்டு விக்கெட்டுகளால் வென்றது.

அன்று இலங்கை தோற்க வேண்டும் என்று நான் விரும்பினேனா? இல்லை. சங்கக்கார தனித்து நின்று போராடியபோது வழமைபோல மனம் பதறியது. ஆனால் ஆட்டம் முடிந்து தெரு அமைதியாக இருந்தபோது, அந்த அமைதி எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்றிரவு மீண்டும் ஒரு தடவை பட்டாசுச் சத்தத்தைக் கேட்க என்னால் முடிந்திராது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. வெற்றி பெற்ற இரவுகளில் தெரு அவர்களுடையதாகிவிடும், நாங்கள் யன்னலுக்குப் பின்னால் நிற்போம். தோற்ற இரவுகளில் எல்லோரும் தத்தமது வீட்டுக்குள் இருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்களக் குடும்பமும் நானும் ஒரே துக்கத்தை ஒரே விதமாக அனுபவித்தது அந்த இரவுகளில் மட்டுமே.

மும்பாய் ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். 2011 ஏப்ரல் 2. நாணயச் சுழற்சியே இரண்டு தடவை நடந்தது. ரசிகர்களின் இரைச்சலில் சங்கக்கார கூறியது போட்டி மத்தியஸ்தருக்குக் கேட்கவில்லை. மஹேலவின் 103, காண்பதற்கு இனிய சதங்களுள் ஒன்று. இலங்கை 274. மாலிங்க இரண்டாவது பந்திலேயே சேவாக்கையும், பிறகு டெண்டுல்கரையும் வெளியேற்றியபோது இந்தியா 31 இற்கு 2. வான்கடே மைதானம் வாயடைத்துப் போயிருந்தது. அந்தச் சில நிமிடங்களை நான் இன்றும் மனதுக்குள் ஓடவிட்டுப் பார்ப்பதுண்டு. பிறகு கம்பீரின் 97, டோனியின் ஆட்டமிழக்காத 91, குலசேகரவின் பந்தில் அந்த ஆறு ஓட்டம்.

அஞ்சலோ மத்தியூஸ் காயமுற்றதால் ஒரு மாற்றம் தவிர்க்க முடியாததாக இருந்தது. அணி நான்கு மாற்றங்களைச் செய்தது. ரங்கன ஹேரத்தும் அஜந்த மெண்டிஸும் வெளியில் அமர்ந்திருக்க, அவசரமாக அழைக்கப்பட்ட சுராஜ் ரந்தீவ் பந்து வீசினார். அந்த முடிவைக் கிரிக்கெட் காரணங்களைக் கொண்டு என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. அதற்கும் மேலாக வலித்தது முரளியின் விடைபெறுதல். காலியில் தனது கடைசி டெஸ்ட் பந்தில் 800 ஆவது விக்கெட்டை எடுத்தவர், நான்கு நாட்களுக்கு முன்னர் கொழும்பு அரையிறுதியில் தாய்மண்ணில் வீசிய கடைசிப் பந்திலும் விக்கெட் எடுத்தவர். மும்பாயில் உபாதையோடு எட்டு ஓவர்கள் வீசி 39 ஓட்டங்கள் கொடுத்து, விக்கெட் எதுவுமின்றி விடைபெற்றார். சென்னை அணியில் மூன்று ஆண்டுகள் அவரோடு ஆடியவர் டோனி. வலைப்பயிற்சியில் முரளியை எதிர்கொண்ட பழக்கமும் தான் முன்கூட்டியே களமிறங்கியதற்கு ஒரு காரணம் என்று டோனியே பின்னர் சொன்னார். முரளியின் அரசியல் கருத்துக்களோடு எனக்குக் கடும் முரண்பாடு உண்டு. தமிழர்களிற் பலருக்கும் உண்டு. எனினும் அன்றிரவு அவர் களத்தைவிட்டு நடந்ததை என்னால் வேறு கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

2012 ஒக்டோபர் 7. இம்முறை சொந்த மண், பிரேமதாச மைதானம். பத்து ஓவர்களில் மேற்கிந்தியத் தீவுகள் 32 இற்கு 2. மெண்டிஸ் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். தோற்பதற்கு வழியே இல்லை என்று நினைத்த ஆட்டத்தில் மார்லன் சாமுவேல்ஸ் 78 ஓட்டங்கள் எடுத்தார். நம்பிய மாலிங்கவின் நான்கு ஓவர்களில் 54 ஓட்டங்கள் போயின. 138 என்ற இலக்கைத் துரத்திய இலங்கை 101 இற்குச் சுருண்டது. மஹேல இருபது ஓவர் அணியின் தலைமையிலிருந்து விலகினார்.

மஹேலவுக்கும் சங்கக்காரவுக்கும் ஒரு கிண்ணம் கிடைக்கத்தான் செய்தது. 2014 ஏப்ரலில் டாக்காவில் இந்தியாவை வென்றார்கள். சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52. அந்த இரவு தெருவில் பட்டாசு வெடித்தபோது நான் யன்னலை மூடவில்லை என்பதோடு அதைப் பற்றிச் சொல்வதை நிறுத்திக்கொள்கிறேன்.

2020 இல் முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் ஒருவர், மும்பாய் இறுதிப் போட்டி விற்கப்பட்டது என்றார். பொலிசார் அரவிந்தவை விசாரித்தார்கள், உபுல் தரங்கவை விசாரித்தார்கள், சங்கக்காரவை ஏறத்தாழப் பத்து மணி நேரம் இருத்தி விசாரித்தார்கள். பின்னர், ஆதாரம் எதுவுமில்லை என்று கூறிக் கோப்பை மூடினார்கள். எதற்குமே விசாரணை நடக்காத நாட்டில் ஒரு கிரிக்கெட் தோல்விக்கு இத்தனை வேகமாக விசாரணை நடந்ததை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வவுனியா வீதியோரக் கொட்டகையில் இருந்தவாறு அறிந்திருப்பார்கள்.

2015 முதல் 2024 வரை நடந்த எந்த உலகக் கிண்ணத்திலும் இலங்கை அரையிறுதியைக்கூட எட்டவில்லை. 2023 நவம்பர் 2 ஆம் திகதி அதே வான்கடே மைதானத்தில் அதே இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்கு அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தது. ஆசிரியபீடத்து இளைஞர்கள் பாதியிலேயே எழுந்து சென்றுவிட்டார்கள். நான் கடைசி விக்கெட் விழும்வரை பார்த்துவிட்டு, விளையாட்டுப் பக்கத்துக்குத் தலைப்புப் போட்டேன்.