தாங்காத போதிகை

நாமக்கல் மலையில் அதியர் 8ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த இரண்டு குடைவரைகளிலும் தூண்களின் தலையில் போதிகை இருக்கிறது. போதிகை தச்சனின் கணக்கு. தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருபுறமும் கை நீட்டிய கட்டை. கை நீளும் அளவுக்கு உத்திரம் தாண்ட வேண்டிய வெளி குறையும், நடுவில் தொய்யாது. குடைவரையிலோ தூண், போதிகை, உத்திரம், மேலே மலை எல்லாம் ஒரே கல். எதுவும் எதன்மீதும் உட்கார்ந்திருக்கவில்லை. போதிகையைச் செதுக்கி எறிந்திருந்தாலும் மலை விழுந்துவிடாது. பின் எதற்கு அது?

மரத்தின் ஞாபகம் என்று சொல்லிவிடுவது வழக்கம். செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் எடுத்த கோயில் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்படுகிற மகேந்திரவர்மனும் மரத்தைத்தான் விட்டான், அதன் வடிவத்தை விடவில்லை. ஆனால் இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. வெறும் ஞாபகமென்றால் உறைந்து போயிருக்கும். இது வளர்ந்திருக்கிறது. பல்லவரிடம் அலையலையாக மடிந்த தரங்கப் போதிகை. சோழரிடம் சாய்வாக வெட்டி நடுவில் முனை துருத்திய வெட்டுப் போதிகை. விஜயநகரத்தில் அது தொங்கும் மொட்டு. நாயக்கர் காலத்தில் வாழைப்பூ. ஓமலூரிலிருந்து சங்ககிரி போகும் வழியில், கெட்டி முதலிகளின் தாரமங்கலத்தில், போதிகை நிஜமாகவே கல் உத்திரத்தைத் தாங்குகிறது. அதன் நுனியில் தொங்கும் பூ எதையும் தாங்கவில்லை. சொல்லப்போனால் அதுவே ஒரு பாரம்.

ஜப்பானியக் கோயில்களில் கயெருமத்தா என்று ஒன்று உண்டு. தவளைத் தொடை என்று பொருள். இரண்டு உத்திரங்களுக்கு இடையே கால் அகட்டி நின்று பாரம் சுமந்த பலகை. பிறகு அதன் நடுவைக் குடைந்தார்கள், குடைந்த இடத்தில் கொடியும் பறவையும் புகுந்தன. நிக்கோவில் 17ஆம் நூற்றாண்டுச் சன்னதியில் தூங்கும் புகழ்பெற்ற பூனை இப்படியொரு தவளைத் தொடைக்குள்தான் தூங்குகிறது.

எதுகையும் மோனையும் பாரம் தாங்காத அலங்காரம் என்று சொல்லித் தள்ளியவர்கள் நாம். நானும் அப்படி எழுதியவன்தான். அந்த வாதத்தைத் தாரமங்கலத்துத் தூணடியில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை ஒழிந்த பின்னும் சிற்பி உளியை அதே இடத்தில்தான் வைக்கிறான். தூணின் நடுவிலோ உத்திரத்தின் நடுவிலோ அந்தப் பூ தொங்குவதில்லை. ஆக, அவனுக்குக் கணக்கு மறக்கவில்லை. நம் மரபுக் கவிராயர்களில் பலருக்கு மறந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

தாரமங்கலம் போகிறவர்கள் யாளி வாயில் உருளும் கல்லுருண்டையையும் விதானத்துத் தாமரையையும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். தூண் தலையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.