மழைக்கு முன் ஏரியைத் தயார் செய்தவர்கள்

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் வருமுன் வீட்டு நீச்சல் குளத்தில் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, மூடி வைப்பார்கள். நம்ம திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கதையே தலைகீழ். ஐப்பசி அடைமழைக்குள் ஏரியை நிரம்பத் தயாராக்க வேண்டும். வரத்துக்கால்வாயைத் தூர்வாரி, கரைக்கு மண் போட்டு, மதகையும் கலங்கலையும் சரிபார்த்து... ஊரே சேர்ந்து செய்த இந்த வேலைக்குப் பெயர்தான் குடிமராமத்து.

இதைப் பற்றிப் பெருமை பேசும் எல்லோரும் உத்திரமேரூர் கல்வெட்டுக்குப் போய்விடுவார்கள். திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள அந்த ஊரில், முதலாம் பராந்தகன் காலத்தில் (கி.பி. 921), ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலை மூலம் எடுத்தார்கள். சரி, நல்லதுதான். ஆனால் சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். மண் சுமந்தவர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை!

வெள்ளைக்காரன் 1858-ல் இந்த வழக்கத்தையே சட்டமாக்கினான். பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். வேலைக்கு வராதவர் அந்த வேலையின் மதிப்பைப்போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் கொண்டுவந்தது, இந்தமுறை அரசுப் பணத்தில். 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, திண்டிவனம் அருகே மயிலத்தில் டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை. அவ்வளவு மழைக்கு எந்த ஏரியைத் தயார் செய்ய முடியும்? ஆனால் கால்வாய் தூர்ந்துகிடந்தால் சாதாரண ஐப்பசி மழைத் தண்ணீரே ஏரிக்குப் போகாமல் தெருவுக்குத்தான் வரும்.