இரண்டு கணினி, ஒரே ஒலி: ஒரு சின்ன ஒயரின் பெரிய வரலாறு

ஒரு கணினியில் விளையாட்டு ஓடுகிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு கணினி அந்த விளையாட்டை இணையத்தில் நேரலையாக அனுப்புகிறது. படம் ஒரு கேபிள் வழியாகச் சுலபமாகப் போய்விடுகிறது. ஒலி? அங்கேதான் தொல்லை ஆரம்பம்! விளையாட்டின் சத்தம் விளையாடுபவரின் ஹெட்போனிலும் கேட்க வேண்டும், பார்வையாளர்களுக்கும் போக வேண்டும். கூட விளையாடும் நண்பர்களின் குரலும் அப்படியே. மைக்கில் பேசுவது நண்பர்களுக்கும் போக வேண்டும், பார்வையாளர்களுக்கும் போக வேண்டும்.

உண்மையில் படத்தோடு ஒப்பிட்டால் ஒலி மிகச் சிறியது. நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 15 லட்சம் பிட்டுகள். வீடுகளில் இருக்கும் சாதாரண 100 மெகாபிட் வலையமைப்பில் இது 2 சதவீதம் கூட இல்லை. அப்படியிருக்க ஏன் இத்தனை பாடு? விடை அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஐம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

முதல் பாடம்: தாமதத்தை விட இழப்பு மேல்

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் 1974 ஆகஸ்டில் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியாவில் இருந்த தகவல் அறிவியல் நிறுவனத்துக்கும், கிழக்குக் கரையில் மாசசூசெட்ஸில் இருந்த லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே மனிதக் குரல் சிறு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்தது. இரண்டு கணினிகள் நிகழ்நேரத்தில் ஒலியைப் பகிர்ந்துகொண்ட மிகப் பழைய நிகழ்ச்சிகளில் இது முக்கியமானது. இதற்கான நெறிமுறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டேனி கோஹன். 1977-ல் அது ஆர்.எஃப்.சி. 741 என்ற எண்ணில் ஆவணமாக வெளியானது.

அன்றைய அர்பாநெட்டின் ஒரு வழித்தடம் நொடிக்கு 50 கிலோபிட் மட்டுமே சுமக்கும். டிஜிட்டல் தொலைபேசிக் குரலுக்கே 64 கிலோபிட் தேவை. அதாவது ஒரே ஒருவர் பேசினாலும் குழாய் நிறைந்து வழியும்! அதனால் குரலை 16 கிலோபிட்டாகச் சுருக்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு முறையில் 3.5 கிலோபிட் வரை சுருக்கிக் காட்டினார்கள்.

சுருக்கியதை விடப் பெரிய கண்டுபிடிப்பு வேறு. கோப்பு அனுப்பும்போது ஒரு பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். சற்றுத் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பேச்சில் அரை நொடி கழித்து வந்து சேரும் எழுத்து யாருக்கும் பயன்படாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை ஒலிப்பதுதான் நல்லது. கோஹன் போன்றவர்கள் இதை வலியுறுத்தினார்கள். அப்போது ஒன்றாக இருந்த டி.சி.பி. நெறிமுறை 1978 வாக்கில் டி.சி.பி., ஐ.பி. என்று இரண்டாகப் பிரிந்ததற்கு இந்த வாதமும் ஒரு முக்கியக் காரணம். திரும்பக் கேட்காமல் அனுப்பிக்கொண்டே போகும் யு.டி.பி. 1980-ல் வெளியானது. இன்றைக்கு விளையாட்டுகளும் நேரடிக் குரல் அரட்டைகளும் பெரும்பாலும் இதன் மேல்தான் ஓடுகின்றன.

பச்சைத் துளையும் நீலத் துளையும்

ஆராய்ச்சிக் கூடங்களில் குரல் பறந்துகொண்டிருந்தாலும், வீட்டுக் கணினிக்கு வாய் திறக்க வெகு காலம் ஆயிற்று. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 'பீப்' என்று கத்தும் சிறு ஸ்பீக்கர் மட்டுமே இருந்தது. 1987-ல் கனடாவின் ஆட்லிப் கார்டு இசையைக் கொண்டுவந்தது. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்டு பிளாஸ்டரை வெளியிட்டது. சிம் வோங் ஹூ தொடங்கிய நிறுவனம் அது. விளையாட்டுப் பிரியர்களால்தான் அந்தக் கார்டு உலகம் முழுவதும் பரவியது.

அடுத்தடுத்து வந்த கார்டுகளில் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்கும் 'லைன் இன்' துளையும் சேர்ந்தது. மைக்ரோசாப்ட்டும் இன்டெல்லும் வகுத்த பிசி 99 விதிகள் துளைகளுக்கு நிறம் கொடுத்தன: ஒலி வெளியே போவது பச்சை, உள்ளே வருவது வெளிர்நீலம், மைக் இளஞ்சிவப்பு. ஒரு கணினியின் பச்சையையும் மறு கணினியின் நீலத்தையும் 3.5 மி.மீ. ஒயரால் இணைத்தால் போதும், ஒலி பகிர்ந்தாயிற்று! அந்தப் பிளக்கின் வம்சாவளி 19-ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில் ஆபரேட்டர்கள் குத்திக் குத்தி எடுத்த பெரிய பிளக்கிலிருந்து வருகிறது.

ஆனால் ஒயரை மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம் கேட்பது உண்டு. இரண்டு கணினிகளும் மின்சாரத்தின் எர்த் கம்பி வழியாக ஏற்கனவே இணைந்திருக்கின்றன. ஒலி ஒயரின் வெளிக் கம்பியும் சேரும்போது ஒரு முழு வளையம் உருவாகிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் ஒலியோடு கலந்துவிடுகிறது. அதனால்தான் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ரீங்காரம் ஒரு சுருதியிலும், 60 ஹெர்ட்ஸில் வரும் அமெரிக்காவில் சற்று உயர்ந்த சுருதியிலும் கேட்கிறது! மௌஸை நகர்த்தினால் கீச்சிடுவதும் பெரும்பாலும் இதே வழியில் வரும் சத்தம்தான்.

இதைத் தீர்க்க எர்த் பின்னை வெட்டிவிடும் ஆட்கள் உண்டு. அது உயிருக்கே ஆபத்து, செய்யவே கூடாது. சரியான மருந்து, நடுவில் ஒரு சிறு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர். ஒலி காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், கம்பிக்குக் கம்பி தொடர்பு இருக்காது. இன்னொரு வழி 1983-ல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் ஒளியிழை. வெளிச்சத்தில் மின்சாரம் ஓடாது, எனவே ரீங்காரமும் வராது.

திரை போயிற்று, ஒலி நின்றது

எம்.ஐ.டி.யில் 1984-ல் பிறந்த எக்ஸ் விண்டோ, ஒரு கணினியில் ஓடும் நிரலின் திரையை வேறொரு கணினியில் காட்ட வழிசெய்தது. ஆனால் அதில் ஒலிக்கு இடமே இல்லை. படம் இங்கே, சத்தம் அங்கே! அத்தகைய திரை முனையங்களைத் தயாரித்த என்.சி.டி. நிறுவனத்திலிருந்து நாஸ் என்ற வலையமைப்பு ஒலி முறை வந்தது. பிறகு லினக்ஸில் ஈசவுண்டு வந்தது. 2004-ல் லெனார்ட் போட்டரிங் தொடங்கிய பல்ஸ்ஆடியோ அதன் இடத்தைப் பிடித்தது. 2007-ன் ஃபெடோரா 8 அதை இயல்பாகவே சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் பக்கம் 2001-ல் எக்ஸ்.பி.யுடன் வந்த தொலைத்திரை வசதி ஒலியையும் தூக்கிக்கொண்டு வந்தது.

2004-ல் ஆப்பிள் ஏர்டியூன்ஸ் என்ற பெயரில் கணினியின் பாட்டை வைஃபை வழியாக வேறு அறையின் ஸ்பீக்கருக்கு அனுப்பியது. பாட்டு தடையில்லாமல் ஓட, முன்கூட்டியே சுமார் 2 நொடி ஒலியைச் சேமித்து வைத்துக்கொண்டது. பாட்டுக்கு இது பிரமாதம். விளையாட்டுக்கு? திருவிழாவில் தூரத்தில் வெடிக்கும் வாணத்தை நினைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் முதலில், 'டமார்' பிறகு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 2 நொடி தாமதம் என்றால் 680 மீட்டர் தள்ளி நின்று விளையாட்டைக் கேட்பதற்குச் சமம். பின்னால் வரும் எதிரியின் காலடிச் சத்தம் காதில் விழும்போது ஆட்டம் முடிந்திருக்கும்!

இரண்டு கடிகாரங்கள்

சேமிப்பைக் குறைத்தால் தாமதம் குறையும் அல்லவா? குறையும். ஆனால் அப்போது இன்னொரு பூதம் கிளம்புகிறது.

ஒவ்வொரு சவுண்டு கார்டிலும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. அது சொல்லும் தாளத்தில்தான் நொடிக்கு 48,000 மாதிரிகள் எண்ணப்படுகின்றன. இரண்டு கணினியின் படிகங்கள் ஒருபோதும் மிகச் சரியாக ஒத்துப்போவதில்லை. தவில் இல்லாமல் இரண்டு அறைகளில் தனித்தனியே வாசிக்கும் இரண்டு நாதஸ்வரக்காரர்களைப் போல மெல்ல மெல்ல விலகிப் போகும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 2.4 மாதிரிகள் கூடும் அல்லது குறையும். ஒரு மணி நேரத்தில் 8,640 மாதிரிகள், அதாவது 0.18 நொடி. நான்கு மணி நேர நேரலையில் முக்கால் நொடிக்கு அருகில்!

அனுப்பும் கணினி வேகமாக ஓடினால் வாங்கும் கணினியில் ஒலி தேங்கித் தாமதம் வளரும். மெதுவாக ஓடினால் இருப்பு தீர்ந்து 'டிக்' என்று வெட்டு விழும். அதனால் நல்ல மென்பொருள்கள் தேக்கத்தின் அளவைக் கவனித்து, வரும் ஒலியைக் காதுக்குத் தெரியாத அளவில் நீட்டியோ சுருக்கியோ சரிசெய்துகொண்டே இருக்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கை. அந்தப் பழைய பச்சை - நீல ஒயரில் இந்தச் சிக்கலே இல்லை. ஒயரில் போவது மின்னழுத்த அலை. அதில் மாதிரி எண்ணிக்கை எதுவும் கிடையாது. வாங்கும் கணினி தன் கடிகாரப்படியே அதை அளந்துகொள்ளும். தாமதமும் மிகக் குறைவு. ரீங்காரம் ஒன்றுதான் அதன் குறை.

நேரலை யுகம்

2007-ல் தொடங்கிய ஜஸ்டின்.டிவி தளத்தின் விளையாட்டுப் பகுதி 2011-ல் ட்விட்ச் என்று தனியாக வளர்ந்தது. 2012-ல் ஹ்யூ பெய்லி ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் நேரலை செய்யலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அன்று நல்ல தரத்தில் படத்தைச் சுருக்கும் வேலை பிராசஸரைப் பிழிந்தது. விளையாட்டு திக்கித் திணறியது. எனவே வசதி உள்ளவர்கள் இரண்டாவது கணினியைப் பக்கத்தில் வைத்தார்கள்.

விளையாட்டுக் கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள் மறு கணினியின் கேப்சர் கார்டுக்குப் போகும். அதில் படத்தோடு ஒலியும் சேர்ந்தே போகும். ஆனால் விண்டோஸ் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே ஒரு வெளியீட்டைத்தான் இயல்பாகத் தேர்ந்தெடுக்க விடும். எச்.டி.எம்.ஐ.யைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் ஊமை. ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தால் பார்வையாளர்களுக்கு ஊமைப்படம்!

இந்த இடைவெளியை நிரப்பியவை தனி மனிதர்களும் சிறு குழுக்களும் செய்த மென்பொருள்கள். பிரான்சின் வின்சென்ட் பியூரல் உருவாக்கிய வாய்ஸ்மீட்டர், கணினிக்குள்ளேயே ஒரு மிக்ஸரை வைத்தது. அவருடைய வி.பான் நெறிமுறை, ஒலியைச் சுருக்காமல் யு.டி.பி. பொட்டலங்களாக வீட்டு வலையமைப்பில் அனுப்புகிறது. 1974-ன் அதே பாடம்! 2015-ல் நியூடெக் நிறுவனம் அறிவித்த என்.டி.ஐ. படத்தையும் ஒலியையும் சேர்த்தே வலையமைப்பில் அனுப்பியது.

வானொலி நிலையங்கள் வெகு காலமாக அறிந்த ஒரு விதியும் இங்கே தேவைப்பட்டது. ஒருவருக்கு எல்லாக் குரலையும் திருப்பி அனுப்பலாம், அவருடைய சொந்தக் குரலை மட்டும் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒலி ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குப் போய்த் திரும்பி வந்து, கூவி, எல்லோருடைய காதையும் கிழித்துவிடும்.

இன்று

2018-க்குப் பின் வந்த என்விடியா கார்டுகளில் படத்தைச் சுருக்கும் தனிப் பகுதி மிகவும் மேம்பட்டது. பலருக்கு இரண்டாவது கணினியே தேவையில்லாமல் போயிற்று. 2021-ல் ஃபெடோரா 34, பல்ஸ்ஆடியோவின் இடத்தில் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயரை வைத்தது. 2022-ல் வந்த ஓ.பி.எஸ். 28, விண்டோஸில் ஒவ்வொரு நிரலின் ஒலியையும் தனித்தனியே பிடிக்கும் வசதியைக் கொடுத்தது. ஆனாலும் ஒரு மேஜைக் கணினியும் ஒரு மடிக்கணினியும் வைத்துக்கொண்டு, ஒரே ஹெட்போனில் இரண்டையும் கேட்க விரும்புபவர்கள் குறையவில்லை.

அவர்கள் முன்னால் இன்றும் இருப்பது பழைய கேள்விதான்: ஒயரில் போனால் ரீங்காரத்தைச் சமாளிக்க வேண்டும், வலையமைப்பில் போனால் நேரத்தைச் சமாளிக்க வேண்டும். விளையாடுபவரின் காதுக்குத் தாமதம் ஆகாது. பார்வையாளருக்கோ சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை, படத்தோடு ஒத்துப்போனால் போதும். யாருடைய காதுக்காக இணைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், எந்த வழி என்பது தானாகவே தெரிந்துவிடும். 50 கிலோபிட் குழாயில் குரலை அனுப்பியவர்கள் செய்ததும் அதைத்தான். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்தார்கள். மற்றதெல்லாம் பிறகு வந்தது.