பழைய கம்பைலருக்குப் பழைய மேனுவல்

புதுச்சத்திரம், ராசிபுரம் பக்கம் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு டெவ் சி++ பழக்கமான பெயர். 2018ல் வந்த பாடப்புத்தகம் சி++ பழக அதைத்தான் காட்டியது. ஆனால் அது ஒரு முகப்பு மட்டுமே. 2015ல் வெளியான டெவ் சி++ 5.11க்குள் இருந்து உண்மையில் வேலை செய்வது ஜிசிசி 4.9.2 என்ற கட்டற்ற கம்பைலர். அது 2014 அக்டோபரில் வந்தது.

சிக்கல் இங்கேதான். இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது புதிய ஜிசிசியின் மேனுவல். 4.9.2 தானாக எடுத்துக்கொள்வது சி++98. 2016ல் ஜிசிசி 6 இதை சி++14 ஆக மாற்றியது. 2021ல் ஜிசிசி 11 சி++17 ஆக்கியது. புதிய மேனுவலைப் பார்த்து 'ஆட்டோ' போட்டு ஒரு மாறியை எழுதினால் லேப் கம்பைலர் பிழை காட்டும். நிரல் சரிதான், புத்தகம்தான் வேறு பதிப்பு! பழைய சிலபஸ் பரீட்சைக்குப் புது சிலபஸ் புத்தகம் படித்த கதை. சி++11 வேண்டும் என்று கம்பைலரிடம் சொல்லிவிட்டால் அதே நிரல் ஓடும். அதற்கான வழி 4.9.2 மேனுவலிலேயே இருக்கிறது.

அந்த மேனுவல் எங்கே? ஜிசிசி தளத்தின் ஆன்லைன் டாக்ஸ் பக்கத்தில் 2.95.3 தொடங்கி ஒவ்வொரு வெளியீட்டு வரிசைக்கும் தனித்தனி மேனுவல் உண்டு. அதற்கும் முந்தியது வேண்டுமா? கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசியை முதலில் வெளியிட்டது 1987ல். 1997ல் வளர்ச்சி மெதுவாக இருக்கிறது என்று ஒரு குழு பிரிந்து ஈஜிசிஎஸ் என்ற கிளையைத் தொடங்கியது. 1999ல் அந்தக் கிளையே அதிகாரபூர்வ ஜிசிசி ஆனது, 2.95 பிறந்தது. இத்தனை மாற்றத்திலும் ஒரு நல்ல வழக்கம் தொடர்ந்தது. மேனுவலை டெக்ஸின்ஃபோ வடிவில் எழுதி, மூலநிரலோடு ஒரே பொதியில் வைத்தார்கள். ஆகவே பழைய பொதியை இறக்கினால் அந்தக் காலத்து மேனுவலும் கூடவே வரும். இணையப் பக்கம் தொலைந்தாலும் கவலையில்லை.

நிரலைத் திறந்து வைப்பது பற்றி நிறையப் பேசுகிறோம். அதன் விளக்கத்தையும் பதிப்பு வாரியாகக் காப்பதும் அதே அளவு பெரிய உதவி என்பேன். புதுக் கணினி வாங்க வசதியில்லாத லேபில் படிக்கும் மாணவருக்குப் பழைய மேனுவல் குப்பையல்ல, அதுதான் சரியான மேனுவல்.

அடுத்த முறை பிழை வந்தால், முதலில் கம்பைலரின் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். பிறகு புத்தகத்தைத் திறங்கள்!